முந்நூறு வாட்ஸ் தொண்டை

"மச்சான், வாயத் தெறக்காதீங்க!"

ரம்ஸான் இப்படிக் கத்தியபோது நான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தேன். 'பிஸ்மில்லாஹ்' சொல்ல எடுத்த மூச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது.

புத்தளம் மாவட்டத்தில் குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்து விளையாட்டுத் திடல் அது. உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் மோட்டார் சைக்கிளிலும் திறீவீலரிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தென்னந்தோட்டம். தோட்டத்தைத் தாண்டினால் கடல்.

தறப்பாள் பந்தலின் கீழே எனக்கொரு மேசை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் வெள்ளைத் துணி விரித்து, புது மாப்பிள்ளையை இருத்துகிற மாதிரி ஒரு புத்தம் புதிய அம்ப்ளிபயரை இருத்தியிருந்தார்கள். முகப்பில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. உரிக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அதிலிருந்து கிளம்பிய வயர்கள், இரண்டு தென்னை மரங்களில் உயரக் கட்டியிருந்த ரம்ஸானின் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் போயின.

ரம்ஸான் என் மனைவி நஸீமாவின் தம்பி. கட்டாரில் ஒலியமைப்புக் கம்பனி ஒன்றில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, கலியாணம், கூட்டம், விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் 'சவுண்ட்' போடுகிறவன். தன்னடக்கம் என்ற சாமானை மட்டும் கட்டாரிலேயே விட்டுவிட்டு வந்தவன்.

"அம்ப் ஒரு பக்கத்துக்கு ஆயிரம் வாட்ஸ். என்ட பெட்டி முந்நூறு" என்றான். "நான் இன்னம் ஒண்டையும் சரி பார்க்கல்ல. நீங்க ஒங்கட வழமைக்கு ஒரு சலாம் போட்டீங்க எண்டா, பெட்டிக்குள்ள இருந்து புகை தான் பதில் சலாம் சொல்லும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாய்விட்டுச் சிரிக்கவும் பயம். ஏனென்றால் அன்றைக்கு அந்தத் திடலில் தாங்கும் சக்தி குறைந்தவை அந்தப் பெட்டிகள் மட்டுமல்ல. என் தொண்டையும் தான்.

சத்தமே சொத்து

தொண்டைக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டு, கைக்குக் கிடைத்ததோடு புத்தளத்துக்கு வந்த வருஷம் நான் இளந்தாரி. தில்லையடிப் பக்கம் கிடுகுக் கொட்டில்கள். காலையில் தண்ணீர் ஏற்றிய பவுசர் வண்டி வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஒரு கணத்தில் எல்லாக் கொட்டிலுக்கும் தெரிய வேண்டும். மைக் இல்லை, மணி இல்லை. ஆகவே நான்.

"பவுசர் வந்திட்டு...!" என்று நான் ஒரு தடவை கத்தினால் கடைசிக் கொட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கும் கேட்கும். ஊர், வீடு, தோட்டம் எல்லாம் போன பிறகு எனக்கு மிஞ்சிய சொத்து அந்தச் சத்தம் ஒன்றுதான். அதை நான் தாராளமாகச் செலவழித்தேன்.

பிறகு ஒரு நாள் பந்து விளையாட்டுக்கு அறிவிப்பாளர் வரவில்லை. புத்தளத்தில் சோறு இல்லாமல் ஒரு நாள் இருந்துவிடுவார்கள், பந்து இல்லாமல் இருக்கமாட்டார்கள். யாரோ என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள்.

அந்தக் காலத்தில் வந்தவன், இருந்தவன் என்ற பேச்சு இரண்டு பக்கமும் இருந்தது. மறைப்பானேன்? எனக்கும் வைத்த பெயர் 'அகதிப் பொடியன்'. நான் மைக்கைப் பிடித்த அன்று மாலை உள்ளூர்க் கழகம் ஒரு கோல் அடித்தது. நான் போட்ட "கோ...ல்" பந்து வலையிலிருந்து நடுக்கோட்டுக்குத் திரும்பி வரும்வரை நீண்டது. அடுத்த நாள் காலை பாண் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "வாங்க கோல் நானா" என்றார்.

அன்றிலிருந்து நான் கோல் நானா, அதாவது கோல் அண்ணன். வயிற்றுப்பாட்டுக்குப் பாலாவியில் ஒரு உப்பு மொத்த வியாபாரியிடம் வேலை பார்த்தாலும், பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் எனக்கு அந்தப் பெயர்தான். என்னை இந்த மண்ணோடு சேர்த்து ஒட்டியது அந்தக் கத்தல்தான் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

குசுகுசுவும் கூடாது

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் குரல் கரகரத்தது. இஞ்சி, தேன், கருஞ்சீரகம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி என்றார்கள். கெட்ட கட்டி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கத்திக் கத்தி வந்த கட்டி.

வெட்டி எடுத்த டொக்டர் சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. நல்ல மனுசி. தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குப் புரியும்படி சொன்னார்:

"கத்த வேணாம். குசுகுசு கதையும் வேணாம், அதுவும் கூடாது. சாதாரணமா கதைங்க. கத்தினா ஆயெத் வரும். ஆயெத் வெட்டினா, சத்தம் திரும்பி வரும் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது."

'ஆயெத்' என்றால் திரும்பவும். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் என் கண்ணையே பார்த்தார்.

நஸீமாவுக்கு முதல் மாதம் பெருநாள். "இப்ப தான் வீடு வீடா இரிக்கி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி கேட்டாலே பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள் என்பது அவளுடைய பழைய பகிடி.

ஆனால் நான் கைப்பேசியில் வேறு யாரோ ஒருவனின் நேர்முக வர்ணனையைக் கேட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் கதிரையில் கிடந்ததைப் பார்த்த பிறகு அவளுக்கே தாங்கவில்லை. இறுதிப் போட்டிக்குக் கழகத்தார் கூப்பிட்டபோது அவள்தான் முதலில் தலையாட்டினாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"கத்தினீங்க எண்டா, அப்படியே கடல் பக்கமா போங்க. வீட்டுப் பக்கம் வராதீங்க."

என்னைக் கத்த விடுவதில்லை என்று தம்பியிடமும் தனியாகச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

லொறியும் ஒரு மூட்டை உப்பும்

ஆகவேதான் அன்றைக்கு அந்த ஆயிரம் வாட்ஸைக் கண்டதும் ரம்ஸானைப் பக்கத்தில் இழுத்தேன்.

"ரம்ஸான், இத வெச்சிட்டு நம்மட பழைய சின்ன அம்பயே போடுவம்" என்றேன். "பெரிய அம்ப் சின்னப் பெட்டிய எரிச்சிடும் தானே?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஒங்கட சின்ன அம்ப் எரிச்ச பெட்டி எத்தின எண்டு தெரியுமா? இந்தப் புள்ள இன்னம் ஒண்டையும் எரிக்கல்ல."

அவன் சொன்னது நியாயம். பழைய அம்ப் இருநூறு வாட்ஸ். அதோடு எத்தனை திடல், எத்தனை போட்டி! நான் கத்துவேன். சனம் "கூட்டுங்க, கூட்டுங்க" என்று கத்தும். ரம்ஸான் திருகைக் கூட்டுவான். ஒரு எல்லைக்கு மேல் அந்தப் பாவப்பட்ட அம்ப் சத்தத்தைக் கூட்டாது, சத்தத்தின் தலையை வெட்டும். வெட்டுப்பட்ட சத்தம் கரகரவென்று போய்ப் பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கரை, ட்வீட்டரை, சுடும். போட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒரு ட்வீட்டர் மௌத்து. பெட்டி பெரியது, அம்ப் சின்னது, ஆகவே ஆபத்தில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அடக்கம் செய்தோம்.

"பாலாவிச் சந்தியில பத்துச் சில்லு லொறி நிக்குது தானே" என்றான் ரம்ஸான். "அதில ஒரு மூட்டை உப்பு ஏத்தினா மூட்டை நசுங்குமா?"

"நசுங்காது."

"ஏன்? லொறி தாங்கும். சும்மா, மூச்சு வாங்காம போகும். பெரிய அம்பும் அப்படித் தான். கேட்டதத் தான் குடுக்கும். கேக்காம ஆயிரத்தயும் கொட்டாது. ஆனா ட்ரைவர் கால வெச்சு மிதிச்சா லொறியும் பிரளும், மூட்டையும் கிழியும். நீங்க தான் ட்ரைவர்."

நான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ஆயிரத்து இருநூறு என்று போட்டிருந்தது. "இதில ஆயிரத்து இருநூறு எண்டு தானே இரிக்கி?" என்றேன் கொஞ்சம் நம்பிக்கையோடு.

"கீழ சின்ன எழுத்தப் பாருங்க. நாள் முழுக்கத் தாங்கிறது முந்நூறு. மேல உள்ளது கண் வெட்டுற நேரத்துக்கு மட்டும். கலியாணப் புரோக்கர் சொல்ற வயசும் பெட்டியில எழுதின வாட்ஸும் ஒண்டு மச்சான். மேலுக்கு உள்ளத நம்பப் போகக் கூடாது."

அவன் அம்பின் இரண்டு திருகுகளையும் பாதிக்குக் கீழே வைத்தான். மைக்குக்கும் அம்புக்கும் நடுவில் இருந்த மிக்ஸரில் என் மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளியை மெல்ல உயர்த்தினான். "இப்ப கதைங்க. வீட்டுல நஸீமா ராத்தாவோட கதைக்கிற மாதிரி. இல்ல, அதவிடக் கொஞ்சம் மெதுவா."

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் கதைத்தது மேசைக்கு மட்டும். கேட்டது தென்னந்தோட்டம் முழுக்க. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. யாரோ பெரிய மனுசன் ஒருவர் நிதானமாகப் பேசுவது மாதிரி என் குரல் திடலைச் சுற்றி வந்தது. சனம் திரும்பிப் பார்த்தது. "கோல் நானா வந்திட்டார்!" என்று ஒரு பக்கத்தில் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சஹன் குறையக் கூடாது

இந்தச் சந்தோஷம் ஹாஜியார் வரும் வரைக்கும்தான்.

அம்ப்ளிபயரைக் கழகத்துக்கு அன்பளிப்புச் செய்தவர் அவர். தும்பைப் பூ வெள்ளையில் சாரம், சேர்ட், தொப்பி. நேராகக் கதிரைக்கு வந்து குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏன் பாதியில நிக்கிது? சாமான்ல பிழையா?"

"இல்ல ஹாஜியார், இது போதும்" என்றான் ரம்ஸான்.

"போதுமா? நான் பாதிச் சாமானா வாங்கித் தந்தேன்?"

எங்கள் பக்கத்து விருந்துகளில் சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். சோறு மலையாகக் குவிந்திருக்க வேண்டும். பாதிச் சஹன் வந்தால் பசி அடங்கினாலும் விருந்து கொடுத்தவருக்கு இழுக்கு. ஹாஜியாரின் கண்ணில் அந்தத் திருகு ஒரு பாதிச் சஹன். ஊரே பார்க்கிற இடத்தில் அவர் கொடுத்தது குறையாக நிற்கிறது.

ரம்ஸானுக்கு மூளை வேகம். "ஹாஜியார், நீங்களே பிஸ்மி சொல்லித் தெறந்து வைங்க" என்றான். அவர் மலர்ந்துபோய் இரண்டு திருகையும் கடைசி வரைக்கும் திருகினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைப்பேசியில் படமும் எடுத்தார்கள். அதே நேரத்தில் ரம்ஸானின் மற்றக் கை மேசைக்கு மேலே மிக்ஸரின் தள்ளியைக் கீழே இழுத்துவிட்டது. சத்தம் பழைய அளவிலேயே நின்றது. ஹாஜியார் முன்வரிசைக் கதிரையில், அம்புக்கு நேரே, திருகைப் பார்க்க வசதியாக அமர்ந்தார்.

"கெட்டிக்காரன்" என்றேன்.

ரம்ஸான் சிரிக்கவில்லை. என் காதுக்குள் சொன்னான்: "மச்சான், திருகு பாதியில இருந்தா நீங்க கத்தினாலும் மிக்ஸருக்குத் தான் முதல்ல மூச்சு முட்டும், பெட்டி தப்பும். இப்ப நடுவுல தடுக்க ஒண்டும் இல்ல. ஒங்கட மெதுவான கதைக்கு எண்டு தான் தள்ளிய வெச்சிரிக்கேன். நீங்க ஒருக்காக் கத்தினா ஆயிரமும் போய் அடிக்கும். பெட்டியும் போகும், ஒங்கட தொண்டையும் போகும். பிரேக் நீங்க மட்டும் தான்."

எனக்குப் பயம் பாதி, குஷி பாதி. இத்தனை மாதம் கழித்து மைக்கின் முன்னால் இருக்கிறேனே!

ஒரு ஹலோ

அவன் சொன்னது உண்மை என்று காட்ட அல்லாஹ் ஒரு ஆளையும் அனுப்பினான். எதிர்க் கழகத்தின் முகாமையாளர். பாலாவிப் பக்கத்து மனுசன், மஞ்சள் சட்டை. வாழ்த்துரை என்று வந்தவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, எல்லோரும் செய்வது போலவே முதலில் அதைத் தட்டினார். பிறகு ஊதினார். பிறகு முழுப்பலத்தோடு, "ஹலோ!" என்றார். எல்லாம் ரம்ஸான் கையை நீட்டுவதற்குள்.

'டப்' என்று ஒரு அடி. முன்வரிசையில் ஹாஜியார் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். தென்னையிலிருந்து காகங்கள் கிளம்பின. பெட்டிக்குள் வட்டக் கடதாசி தவளையின் தொண்டை மாதிரி வெளியே வந்து உள்ளே போனதை நான் என் கண்ணால் கண்டேன்.

ரம்ஸான் மரத்தடிக்கு ஓடினான். கழுத்தை நீட்டி மோந்து பார்த்தான். எரிந்த வாசம் இல்லை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான்: தப்பித்தது. அடுத்த தடவை தப்பாது என்பதும் அந்தக் கையிலேயே இருந்தது.

மூன்று அஸ்கர்கள்

போட்டி தொடங்கியது. வாடைக் காற்று ஊருக்கு மறுபக்கத்து உப்பங்கழிக் களப்பிலிருந்து கடல் பக்கம் மெல்ல வீசியது. புல்லும் உப்பும் கலந்த வாசம். கடலைக்காரனின் வண்டியிலிருந்து சூடான மணல் வறுபடுகிற வாசம்.

முதல் கால் மணித்தியாலம் எனக்குச் சித்திரவதை. பந்து கோலுக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் என் குரல் தானாக மேலே ஏறும். ரம்ஸான் மேசைக்குக் கீழே என் காலை மிதிப்பான். நான் இறங்குவேன். இப்படியே ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு கட்டத்தில் எனக்கே தெரியாமல் சாதாரணமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

அதிலும் ஒரு புதினமான காரியம் நடந்தது. கத்துகிறபோது மூச்சு போதாது. ஆகவே பெயரை மட்டும் சொல்வேன். "அஸ்கர்! அஸ்கர்!" அவ்வளவுதான். மெதுவாகக் கதைத்தால் நேரம் நிறைய இருக்கிறது. பந்து எங்கிருந்து வந்தது, யார் யாருக்குக் கொடுத்தார், எல்லாம் சொல்லலாம்.

அன்றைக்கு அது அவசியமாகவும் இருந்தது. திடலில் மூன்று அஸ்கர்கள். எங்கள் பச்சைச் சட்டையில் இரண்டு, எதிரணி மஞ்சள் சட்டையில் ஒன்று. எங்கள் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு ஒரு பெயர் பிடித்துவிட்டால் எல்லோரும் அதையே வைப்பார்கள். பிரித்துச் சொல்ல வாப்பாவின் பெயர்தான் வழி. "பந்து இப்போது தையல்கார நிஸாரின் மகன் அஸ்கரிடம். அவர் கரைவலை மீரானின் மகன் அஸ்கருக்குக் கொடுக்கிறார்." இப்படி.

இரண்டாம் பாதியில் மஞ்சள் ஒரு கோல் போட்டது. அதை மெதுவாகச் சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. எதிர்க் கழகம் அடித்த கோலை நான் எந்தக் காலத்திலும் உற்சாகமாகச் சொன்னதில்லை.

பிறகு பச்சை ஏறி ஏறி அடித்தது. கம்பத்தில் பட்டது. கோல் காப்பாளரின் காலில் பட்டது. வெயில் சரிந்துவிட்டது. மத்தியஸ்தர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். திடலில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எடுத்த மூச்சு

வலது ஓரத்திலிருந்து ஒரு உயரப் பந்து வந்தது. மீரானின் மகன் அஸ்கர், மெலிந்த பொடியன், இரண்டு தடியர்களுக்கு நடுவில் எப்படி எழும்பினான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தலையால் முட்டினான். பந்து காப்பாளரின் விரலைத் தடவிக்கொண்டு வலைக்குள் போனது.

நான் எழும்பிவிட்டேன். கதிரை பின்னால் விழுந்தது. டொக்டர் நினைவில் இல்லை, நஸீமா நினைவில் இல்லை, முந்நூறு வாட்ஸ் நினைவில் இல்லை. மைக் உதட்டில். வயிறு நிறைய, விலா நிறைய, எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அந்தப் பெரிய மூச்சை உள்ளே இழுத்தேன்.

ரம்ஸானின் விரல் தள்ளியின் மேல் இருந்தது. அவன் அதை இறக்கவில்லை. இறக்கினால் எங்கள் கோல் யாருக்கும் கேட்காது. அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவு கெஞ்சுகிற முகத்தை நான் அவனிடம் கண்டதே இல்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. 'ஹா...' என்று ஒரு பெரிய காற்று. இரண்டு தென்னை மரத்திலிருந்தும். திடல் முழுக்க.

அது என் மூச்சு.

நான் உள்ளே இழுத்த மூச்சையே அந்த அம்ப் எடுத்து ஊருக்குக் கேட்கக் கொடுத்துவிட்டது! ஆயிரக்கணக்கில் நின்ற சனம் அதைக் கேட்டுப் பெட்டிகளை அண்ணாந்து பார்த்தது. நான் திடுக்கிட்டேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதற்குள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பிறகு எதற்குக் கத்துவது? யாருக்குக் கேட்காமல் இருக்கிறது?

மூச்சை மூக்கால் விட்டேன். 

"கோல்" என்றேன். நஸீமாவிடம் உப்பைக் கேட்கிற அளவில்.

"சமநிலை. அடித்தவர் அஸ்கர். குறிஞ்சிப்பிட்டி, கரைவலை மீரானின் மகன் அஸ்கர்."

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தோட்டத்துக்குள் போனது. அதற்குப் பிறகுதான் சனம் வெடித்தது. யா அல்லாஹ், என்ன வெடி! தொப்பிகள் பறந்தன. ஹாஜியார் எழும்பி நின்று அம்ப்ளிபயரை ஒரு பிள்ளையைத் தட்டுவது போலத் தட்டிக்கொடுத்தார். ரம்ஸான் என் முதுகில் அடித்த அடியில் தொண்டை பிழைத்ததே பெரிய காரியம்.

நான் சிரித்தேன். அழுதேன். மைக்கைத் தூர வைத்துக்கொண்டுதான் இரண்டையும் செய்தேன்.

நனைந்த சாரம்

ஆட்டம் மீண்டும் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தென்னந்தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு மனிதர் ஓடி வந்தார். சாரம் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கால் முழுக்க மணல். கோட்டருகே வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பச்சைச் சட்டைகளுக்குள் தேடினார்.

மீரான். கரைவலைக் கயிறு இழுக்கிறவர். மகன் விளையாடுகிற நேரமும் வலை இழுக்கிற நேரமும் எப்போதும் ஒன்றாகவே வரும். மீன் விழுந்த வலையின் மடி கரைக்கு வராமல் கயிற்றைக் கைவிட ஏலாது. ஆகவே அவர் மகனின் ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை.

மிச்சமிருந்த சில நிமிடங்களை அவர் கண் கொட்டாமல் பார்த்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பெனால்ட்டியில் நாங்கள் தோற்றோம். கிண்ணம் மஞ்சள் சட்டைக்காரர்களோடு பாலாவிப் பக்கம் போனது. போகட்டும்.

மகனைக் கட்டிப்பிடித்துவிட்டு மீரான் என் மேசைக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் கயிறு உரசிச் சிவந்திருந்தன.

"என்ட பேரையும் சேத்துத் தானே சொன்னீங்க நானா?"

"ஓம். ஒங்களுக்குக் கேட்டிச்சா? அங்க கடல்கரையில?"

"ஒவ்வொரு எழுத்தும் கேட்டிச்சி. வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி தான் சொன்னார், 'மீரான், ஒன்ட மகன் அடிச்சிட்டான், கயித்த விடு, ஓடு' எண்டு. அந்த மனுசன் யாரையும் அப்படி விட்டதே இல்ல."

எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. பழைய ஆசை விடுமா? கேட்டுவிட்டேன்.

"முந்தியும் நான் சொல்றது ஒங்களுக்கு அங்க கேக்கிறது தானே? முந்தி இன்னம் சத்தமா எல்லோ சொல்லுவேன்."

மீரான் கொஞ்சம் சங்கடப்பட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

"சத்தம் கேக்கும் நானா. எந்த நாளும் கேக்கும். ஆனா ஒரு சொல்லும் வெளங்காது. யார் அடிச்சது, யார் வெண்டது, ஒண்டும் வெளங்காது."

நான் ரம்ஸானைப் பார்த்தேன். அவன் வயர் சுற்றுகிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இத்தின வருஷமா ஒண்டுமே வெளங்கல்லயா?" என்றேன்.

மீரான் தலையை ஆட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நனைந்த கையால் என் கையைப் பிடித்தார்.

"நீங்க சந்தோஷமா இரிக்கிறீங்க எண்டு மட்டும் வெளங்கும் நானா. அதக் கேட்டுத் தான் நாங்க கயிறு இழுத்தோம்."